லுஹரா, அஸரா? ஒரே அறிவிப்பு இரண்டு நேரம் காட்டியது ஏன்?



சில ஆண்டுகளுக்கு முன் படாளத்தில் நமக்கு நன்கு பழக்கமான பெரியவர் ஒருவர் ஃபஜ்ரு நேரத்தில் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. வெளிநாட்டிலிருக்கும் மகன் வந்து சேரட்டும் என்று, காலை 8 மணிக்கு ஜமாஅத்தின் இணையப் பக்கத்தில் "ஜனாஸா தொழுகை அஸருக்குப் பின்" என்று அறிவித்தோம். மகனுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. "எனக்காக வாப்பாவைக் காக்க வைக்காதீர்கள்" என்று அவரே சொல்லிவிட்டார். 10 மணிக்கு அதே பக்கத்தில் "லுஹருக்குப் பின்" என்று மாற்றினோம்.

படாளத்தில் இருந்தவர்களில் பலர் புதிய நேரத்தைப் பார்த்து வந்து சேர்ந்தார்கள். தொழுகை முடிந்து, கப்ருஸ்தானில் மண் தள்ளி, துஆவும் முடிந்தது. மூன்றரை மணிக்குக் கல்பாக்கத்திலிருந்து மய்யித்தின் தங்கை மகன் பைக்கில் வந்து இறங்கினார். "மாமுவை எங்கே வைத்திருக்கிறீர்கள் ஹஜ்ரத்?" என்று கேட்டார். நமக்கு நா எழவில்லை. அவர் தம் மொபைலை நீட்டினார். 12 மணிக்கு, புறப்படுவதற்கு முன் மறுபடியும் பக்கத்தைத் திறந்து உறுதி செய்திருக்கிறார். அதில் "அஸருக்குப் பின்" என்றுதான் இருந்தது.

பக்கத்தைக் கவனித்துக்கொள்ளும் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டோம். "பத்து மணிக்கே மாத்திட்டேன் ஹஜ்ரத், வல்லாஹி" என்றார். அவர் சொன்னதும் உண்மை. தங்கை மகன் பார்த்ததும் உண்மை. இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் தவறு எங்கே நடந்தது? அன்று முதல் இதைப் படித்தும் கேட்டும் புரிந்துகொள்ள முயன்றோம். கம்ப்யூட்டர் படிப்பு நமக்குக் கிடையாது. ஆனால் விஷயம் புரியாத அளவுக்குக் கடினமானதும் அல்ல. ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது என்பதால் இங்கே எழுதுகிறோம்.

நகல் வைத்திருக்கும் இடைக்கடைகள்

நாம் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கும்போது, அது எழுதப்பட்ட மூலக் கணினியிலிருந்து, அதாவது சர்வரிலிருந்து, நேராக வருகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மூலத்துக்கும் நமக்கும் நடுவே, அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு விநியோகிக்கும் கணினிகள் பல இருக்கின்றன. இவற்றை 'கேஷ்' என்கிறார்கள். ரொக்கப் பணத்தைச் சொல்லும் கேஷ் அல்ல. ஒளித்து வைப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

படாளம் கூட்டு ரோட்டில் இருக்கும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் துவரம் பருப்பு வேண்டுமென்றால் மில்லுக்குப் போவதில்லை. கடைக்காரர் செங்கல்பட்டு மொத்த வியாபாரியிடம் வாங்கி வைத்திருக்கிறார். அவர் சென்னையில் வாங்கி வைத்திருக்கிறார். கடையில் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் கடைக்காரர் மேலே கேட்டு வாங்கித் தருவார். கேஷ் செய்வது இதைத்தான்.

இது ஏன் தேவை? முதல் காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதில் ஒருமுறை போய்வர விநாடியில் ஆயிரத்தில் 32 பங்கு ஆகும். அமெரிக்காவரை போய்வருவதென்றால் இதைப்போல் பல மடங்கு. ஒரு பக்கத்தைத் திறக்கப் பல முறை போய்வர வேண்டியிருப்பதால், தூரம் கூடக்கூடக் காத்திருப்பும் கூடுகிறது.

இரண்டாவது காரணம் கூட்டம். ரமளான் 29ஆம் இரவை நினைத்துப் பாருங்கள். பிறை அறிவிப்புக்காக 20,000 பேர் ஒரே நிமிடத்தில் ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். படங்களோடு சேர்த்துப் பக்கத்தின் அளவு 2 எம்.பி. என்றால், அந்த ஒரு நிமிடத்தில் மூலச் சர்வர் 40,000 எம்.பி. அனுப்பியாக வேண்டும். ஒரு ஜமாஅத் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறிய சர்வர் அங்கேயே படுத்துவிடும். நடுவில் 10 கேஷ்கள் இருந்து, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் வாங்கிக்கொண்டால், மூலம் அனுப்ப வேண்டியது வெறும் 20 எம்.பி. மீதியை அந்தப் பத்தும் பார்த்துக்கொள்ளும்.

2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று அந்நிறுவனம் அறிவித்தது. இவ்வளவு பேருக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்ப எந்தச் சர்வராலும் முடியாது. படம் சில விநாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டு, நாடெங்கும் உள்ள கேஷ்களில் வைக்கப்பட்டு, அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போனது.

ஒன்றுக்கு மேல் ஆனால் தகராறு

ஒரு கேஷ் மட்டும் இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. பல இருக்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. எதை யார் வைத்திருப்பது? மூலம் மாறிவிட்டால் எல்லாரும் ஒன்றுபோல் மாறுவது எப்படி?

இந்தியாவில் பொதுமக்களுக்கு வி.எஸ்.என்.எல். இணையச் சேவையைத் திறந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. உலகமெங்கும் இணையம் நெரிசலில் திணறத் தொடங்கிய காலமும் அதுதான். அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து பிறந்தது ஸ்க்விட் என்ற கேஷ் மென்பொருள். டுவான் வெஸ்ஸல்ஸ் என்பவர் அதை முன்னின்று நடத்தினார். யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கேஷ்களைக் குடும்பம்போல் அமைப்பது அதன் வழி. சில கேஷ்கள் 'தாய்', சில 'சகோதரர்'. தன்னிடம் இல்லாததை ஒரு கேஷ் முதலில் சகோதரர்களிடம் கேட்கும். அவர்களிடமும் இல்லையென்றால் தாயிடம் போகும். தாய் மூலத்திடம் போய் வாங்கித் தரும். இந்தக் கேள்வி பதிலுக்கான விதிமுறை 1997இல் முறையாக எழுதி வெளியிடப்பட்டது.

இதில் ஒரு குறை உண்டு. பத்து சகோதரர்கள் இருந்தால், ஒருவரிடம் இல்லாத ஒவ்வொரு பொருளுக்கும் மற்ற ஒன்பது பேரையும் கேட்க வேண்டும். எண்ணிக்கை கூடக்கூட வேலையைவிட விசாரிப்பு அதிகமாகிவிடும். அதற்குத் தீர்வாக, ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பவற்றின் சுருக்கப் பட்டியலை மற்றவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கும் முறை வந்தது. பர்ட்டன் ப்ளூம் என்பவர் 1970இல் சொன்ன ஒரு கணக்கு உத்தியால் மிகப் பெரிய பட்டியலையும் சிறு இடத்தில் அடக்கிவிடலாம். இருப்பதை இல்லை என்று அந்தச் சுருக்கம் சொல்லாது. எப்போதாவது இல்லாததை இருப்பதாகச் சொல்லும். அப்போது ஒரு நடை வீண்; அவ்வளவுதான்.

மூன்றாவது வழி, யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வது. நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். செங்கல்பட்டு வட்டாரத்தில் பத்து பள்ளிவாசல்கள் சேர்ந்து ஒரு பொது நூலகம் நடத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிதாபுக்கும் ஓர் எண். அந்த எண்ணைப் பத்தால் வகுத்து, மீதி எதுவோ அந்தப் பள்ளியில் கிதாபு இருக்கும். எவரிடமும் விசாரிக்க வேண்டாம். கணக்குப் போட்டாலே இடம் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதினோராவது பள்ளி வந்து சேர்ந்தால்? இனி பதினொன்றால் வகுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பதினொன்றில் ஒரு பங்கு கிதாபுகள் மட்டுமே பழைய இடத்தில் நிற்கும். மற்ற பத்துப் பங்கையும் வண்டியில் ஏற்றி இடம் மாற்ற வேண்டும். ஒரு பள்ளி மூடினாலும் இதே கதிதான்.

1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கார்கர், டாம் லெய்டன், டேனியல் லெவின், ரீனா பாணிக்ரஹி உள்ளிட்டோர் இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டார்கள். பள்ளிகளை வரிசையில் நிறுத்தாமல் கடிகார முகம்போன்ற ஒரு வட்டத்தில் நிறுத்துங்கள். கிதாபுகளுக்கும் அதே வட்டத்தில் ஓர் இடம் கொடுங்கள். ஒரு கிதாபின் இடத்திலிருந்து வலப்பக்கமாகப் போகும்போது முதலில் எதிர்ப்படும் பள்ளியே அதற்குப் பொறுப்பு. புதிய பள்ளி வட்டத்தில் வந்து நின்றால், தனக்கு முன்னுள்ள பகுதியின் கிதாபுகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். சராசரியாகப் பதினொன்றில் ஒரு பங்குதான் நகரும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பள்ளி விலகினாலும் அதன் பொறுப்பு மட்டுமே பக்கத்தில் உள்ளவருக்குப் போகும். இந்தக் கருத்தை வைத்து லெய்டனும் லெவினும் 1998இல் தொடங்கியதுதான் அகமாய் நிறுவனம்.

இன்று அப்படிப்பட்ட பல நிறுவனங்கள் உலகெங்கும் கேஷ்களை நிறுத்தி வைத்திருக்கின்றன. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2015இல் மும்பை, டெல்லி ஆகியவற்றோடு சென்னையிலும் தன் கேஷ் மையத்தைத் திறந்தது. கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை இணையச் சேவை தரும் நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே தம் கேஷ் பெட்டிகளை வைக்கின்றன. நம் பிள்ளைகள் படாளத்தில் உட்கார்ந்து பார்க்கும் வீடியோ, கடல் கடந்து வராமல் சென்னையிலிருந்தே வந்துகொண்டிருக்கலாம்.

அன்று காலை என்ன நடந்தது?

இப்போது ஜனாஸா அறிவிப்புக்கு வருவோம். ஒவ்வொரு நகலுக்கும் ஓர் ஆயுள் நேரம் உண்டு. "இதை இவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம், அதன் பிறகு என்னிடம் திரும்பக் கேள்" என்று மூலச் சர்வர் நகலோடு எழுதி அனுப்பும். நம் பக்கத்துக்கு அந்த ஆயுள் ஆறு மணி நேரம் என்று முன்பு யாரோ வைத்திருந்தார்கள். தொழுகை அட்டவணைக்கு அது போதும். ஜனாஸா அறிவிப்புக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நம்மில் யாரும் யோசிக்கவில்லை.

எல்லா சிம்களும் ஒரே கேஷுக்குப் போவதில்லை. ஒரு நிறுவனத்தின் சிம் ஓர் ஊரிலுள்ள கேஷுக்கும், இன்னொரு நிறுவனத்தின் சிம் வேறோர் ஊரிலுள்ள கேஷுக்கும் போகலாம். தங்கை மகனின் சிம் போன கேஷ், காலை 8.05க்கு யாரோ கேட்டதால் பழைய அறிவிப்பை வாங்கிக்கொண்டது. அதன் ஆயுள் 2.05 வரை. அவர் 12 மணிக்குக் கேட்டபோது, ஆயுள் முடியாத நகலை அது கொடுத்தது. வேறொரு கேஷிடம் அந்தப் பக்கத்தை முதன்முதலாகக் கேட்டதே பத்தரை மணிக்கு. அது மூலத்திடம் போனது. புதிய நேரம் கிடைத்தது. விதிப்படி இரண்டும் சரியாகவே நடந்தன. லுஹர் ஜமாஅத் 1.15க்கு முடிந்துவிட்டது.

அறிவிப்பை மாற்றியதும், எல்லா கேஷ்களுக்கும் "உங்களிடம் உள்ள நகலை அழித்துவிடுங்கள்" என்று ஒரு கட்டளை அனுப்பும் வசதி நம் சேவையில் இருந்தது. ஒரு பொத்தான்தான். அது தம்பிக்குத் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றவில்லை. தவறு அந்த இடத்தில்தான். பொறுப்பு நம்முடையது. தங்கை மகனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் கப்ரருகே வெகுநேரம் நின்று துஆ செய்துவிட்டுப் போனார்.

ஆயுள் நேரத்தையே பூஜ்யமாக்கிவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அப்படிச் செய்தால் கேஷ் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். பிறை இரவில் 20,000 பேரும் மூலத்தின் மேல் விழுவார்கள். புதிய செய்தியும் கிடைக்காது, பழையதும் கிடைக்காது. ஆகவே நடுநிலை வேண்டும். ஒரு நிமிடம் ஆயுள் வைத்தால்கூட மூலத்தின் சுமை எவ்வளவு குறைகிறது என்று மேலே பார்த்தோம். அந்த ஆயுள் முடியும் விநாடியில் ஆயிரம் பேர் கேட்டாலும், நல்ல கேஷ் ஒரே ஒரு ஆளை மட்டும் மூலத்துக்கு அனுப்பிவிட்டு மற்றவர்களைக் காக்க வைக்கும். வந்த பதிலை எல்லாருக்கும் பங்கிடும். "மாறியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு, "மாறவில்லை" என்ற பதில் வந்தால் பழைய நகலின் ஆயுளை நீட்டித்துக்கொள்ளும் வழியும் உண்டு.

குபாவும் ஸனதும்

இதைப் படிக்கும்போது நமக்கு குபா பள்ளிவாசல் நினைவுக்கு வந்தது. ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஅபாவுக்கு மாற்றப்பட்டது. மதீனாவின் ஓரத்தில் இருந்த குபா மக்களுக்கு அந்தச் செய்தி உடனே எட்டவில்லை. அவர்கள் பழைய திசையை நோக்கி ஃபஜ்ரு தொழுதுகொண்டிருந்தபோது ஒருவர் வந்து செய்தி சொன்னார். தொழுகையில் இருந்தபடியே அவர்கள் கஅபாவின் பக்கம் திரும்பினார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹுல் புகாரியில் இது இடம்பெற்றிருக்கிறது.

அறிஞர்கள் இதிலிருந்து ஒரு சட்டத்தை எடுக்கிறார்கள்: மாறிய கட்டளை தன்னை வந்தடையும் முன், பழையதன்படி நடந்தவர் மீது குற்றமில்லை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் நடந்து போனார். மாற்றம் தெரிந்தவர் அதைத் தெரியாதவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். கல்பாக்கத்துத் தம்பி மீது குற்றமில்லை. நடந்து போக வேண்டியவர்கள் நாம்; நாம் போகவில்லை.

ஹதீஸ் கலையில் யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற ஸனது இல்லாமல் எந்தச் செய்தியையும் ஏற்பதில்லை. இணையத்திலும் ஒவ்வொரு பதிலோடும் கண்ணுக்குத் தெரியாத குறிப்புகள் வரலாம். மூலம் இதை எப்போது தந்தது, எந்தக் கேஷ் வழியாக வந்தது, அங்கே எத்தனை விநாடி கிடந்தது என்றெல்லாம் அவை சொல்லும். கணினிகள் அவற்றைப் பார்த்தே முடிவெடுக்கின்றன. பக்கத்தைப் படிக்கும் நமக்குத்தான் அவை தெரிவதில்லை.

எவராலும் அழிக்க முடியாத கேஷ்

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து நம் கையிலேயே இருக்கிறது. ஓர் அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோமே, அதுவும் ஒரு நகல்தான். அதற்கு ஆயுள் நேரமும் கிடையாது, ஸனதும் கிடையாது. அழித்துவிடு என்று யாரும் அதற்குக் கட்டளை அனுப்ப முடியாது. போன வருடத்துப் பிறை அறிவிப்பும், என்றோ முடிந்துபோன இரத்தத் தேவைச் செய்தியும் இன்றும் சுற்றி வருவது இதனால்தான். வந்த செய்தியை விசாரித்து உறுதி செய்யுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத் தருகிறது. அந்தக் கட்டளை இங்கேயும் பொருந்தும்.

ஆகவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் பக்கம் நடத்தும் தம்பிகளுக்கும் சில வேண்டுகோள்கள்.

ஜனாஸா, பிறை, நேர மாற்றம் ஆகிய அறிவிப்புகளுக்கு ஆயுளை ஒரு நிமிடம் போல வையுங்கள். படங்களுக்கும் பழைய கட்டுரைகளுக்கும் நீண்ட ஆயுள் இருக்கலாம். அறிவிப்பை மாற்றினால் நகல்களை அழிக்கும் பொத்தானை உடனே அழுத்துங்கள். அதைக் குறைந்தது இரண்டு பேருக்காவது கற்றுக்கொடுங்கள். தொழுகை அட்டவணையைப் புதிதாக ஏற்றும்போது பழைய கோப்பின் பெயரையே வைக்காமல், வருடமும் மாதமும் சேர்த்துப் புதுப் பெயர் கொடுங்கள். புதுப் பெயரில் பழைய நகல் எந்தக் கேஷிலும் இருக்காது. ஒவ்வோர் அறிவிப்பின் தலையிலும் எழுதிய தேதியும் நேரமும் இருக்கட்டும். மாற்றினால் "10 மணிக்கு மாற்றப்பட்டது, முன்பு அஸர் என்று அறிவித்திருந்தோம்" என்று தெளிவாக எழுதுங்கள். முதல் அறிவிப்பிலேயே "நேரம் மாறக்கூடும், புறப்படும் முன் போன் செய்யவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒன்றே ஒன்று. ஜனாஸாவுக்குப் புறப்படும் முன் பள்ளிவாசலுக்கோ மய்யித் வீட்டாருக்கோ ஒரு போன் செய்துவிடுங்கள். நேரம் மாறியது உங்களுக்குத் தெரிந்திருந்தால், வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் போட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

இப்போது நம் மஹல்லாவில் அறிவிப்பு மாறினால், பொத்தானை அழுத்திய பிறகு தம்பி மூன்று வெவ்வேறு சிம்களில் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். அதன் பின் மய்யித் வீட்டாரிடம் வெளியூர் உறவினர்களின் எண்களை வாங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறோம். பத்து நிமிட வேலைதான். அன்று அதைச் செய்திருந்தால் ஒரு மருமகன் தன் மாமுவின் ஜனாஸாவில் நின்றிருப்பார். அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. ஆமீன்.